உள்ளங்கையில் சிக்காத இழை

பிள்ளையார்பாளையத்தில் ஒருவருடைய கையைப் படிக்க ஜோசியக்காரன் தேவையில்லை. சாயம் போடாத ஒற்றைப் பட்டிழை போதும். அதை உள்ளங்கையின் குறுக்கே போட்டு மெல்ல இழுத்தால் தெரிந்துவிடும். வழுக்கிக்கொண்டு போனால் நல்ல கை, தறிப் பக்கம் வரலாம். எங்காவது சிக்கி நின்றதோ, ஆள் எத்தனை கெட்டிக்காரராக இருந்தாலும் வேறு வேலை பார்க்க வேண்டியதுதான். இதில் மாமியார் சிபாரிசும் செல்லாது, மந்திரி சிபாரிசும் செல்லாது.

மங்கையர்க்கரசியின் கையில் இருபத்து மூன்று வருஷமாக இழை சிக்கியதில்லை.

அவள் வேலை பாவு பிணைப்பது. பாவு என்பது தறியில் நீளவாக்கில் ஓடுகிற இழைகள், ஒரு பாவு ஏற்றினால் மூன்று புடவை நெய்யலாம். மூன்றாவது புடவையை அறுத்து எடுத்ததும், தறியில் மிஞ்சி நிற்கிற பழைய நுனி ஒவ்வொன்றோடும் புதுப் பாவின் இழை ஒவ்வொன்றையும் சேர்த்து, விரல் நுனியில் சாம்பல் தொட்டு உருட்டி ஒட்டவைக்க வேண்டும். நாலாயிரத்துச் சொச்சம் இழை. ஒன்று விடக் கூடாது, ஒன்று அறக் கூடாது. மற்றவர்கள் இரண்டு நாள் உட்காருகிற வேலையை மங்கை ஒரே நாளில் முடித்து, விளக்கேற்றும் நேரத்தில் எழுந்து போய்க் காபி போடுவாள். அந்தப் பெருமை அவளுக்குக் கொஞ்சம் அதிகம்தான். "எங்க வீட்டுக்காரர் நெய்யற பொடவையில பாதி என்னுது" என்று கோயில் வரிசையில் முன்னால் நிற்கிறவளிடம் சொல்லுவாள், பின்னால் நிற்கிறவளுக்கும் கேட்கிற மாதிரி. கணவர் பரமசிவம் ஜரிகையைப் போலவே வார்த்தையையும் அளந்து செலவழிக்கிறவர். அவர் மறுத்துச் சொன்னதில்லை.

அந்தக் கைக்குத்தான் போன தை மாதம் கேடு வந்தது. முதலில் தோல் வறண்டது. அப்புறம் விரல் மடிப்புகளில் கோடு கோடாக வெடித்தது. பாத்திரம் தேய்க்கிற மலிவு சோப்புதான் காரணம் என்றார் தோல் டாக்டர். களிம்பு எழுதிக் கொடுத்து, காரமில்லாத சோப்பாகப் பார்த்துப் போடச் சொன்னார். சொல்வது சுலபம். களிம்பு தடவிய கையால் பட்டைத் தொட்டால் எண்ணெய்க் கறை பிடிக்கும். களிம்பைக் கழுவ சோப்பு போட்டால் தோல் வெடிக்கும். வெடித்த கையில் இழை சிக்கும். முன்னால் போனால் கடிக்கும், பின்னால் வந்தால் உதைக்கும் கதைதான்.

மாசி மாதத்தில் ஒரு அரக்கு நிறப் பாவு பிணைக்க உட்கார்ந்தாள். காலை பத்து மணிக்குள் பன்னிரண்டு இழை அறுந்தது. பதின்மூன்றாவது அறுந்தபோது பரமசிவம் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அவள் மணிக்கட்டை இரண்டு விரலால் பிடித்து, பாவின் மேலிருந்து எடுத்து அப்புறம் வைத்தார்.

"நீ எந்திரி மங்கா. பாவத் தொடாத. துளசியக் கூப்டுக்கறேன்."

கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பாள். அதில் அவளுக்கு நல்ல தேர்ச்சி உண்டு. அவர் அவ்வளவு மெதுவாகச் சொன்னதுதான் நெஞ்சைப் போட்டு அறுத்தது. பின்கட்டுக்குப் போய்க் குழாயைத் திறந்து விட்டு, தண்ணீர் விழுகிற சத்தத்தில் அழுதாள்.

துளசி அடுத்த தெருக்காரி. நாலு தெருவுக்குப் பாவு பிணைக்கிறவள். கெட்டவள் அல்ல, வாய்தான் கொஞ்சம் நீளம். "இத்தினி வருஷம் ஒழச்சது போதும்கா, இனிமே ரெஸ்ட் எடு" என்று சொல்லிக்கொண்டே மங்கையின் இடத்தில் உட்கார்ந்தாள். மங்கை அன்று மனசுக்குள் ஒரு சபதம் போட்டாள். இன்னும் இரண்டு மாதத்தில் அடுத்த பாவு வரும். அதில் தன் கைதான் இருக்க வேண்டும்.

அடுத்த வாரம் டாக்டரைப் பார்க்க வரிசையில் உட்கார்ந்திருந்தபோது பக்கத்தில் ஒரு பெண், அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தவள். மங்கைக்கு மனிதர்களின் முகத்துக்கு முன்னால் கைதான் கண்ணில் படும். அந்தப் பெண்ணின் கை வாழைத்தண்டு போல இருந்தது. கேட்காமல் கொள்ளாமல் பிடித்து இழுத்துத் தடவிப் பார்த்தாள்.

"இந்தக் கைய வச்சிக்கினு இன்னா வேல மா பண்ற?"

அந்தப் பெண் பயந்துதான் போனாள். "ஏனாத்தூர்ல காலேஜ் லேப்ல இருக்கறேன் கா. கிளாஸ் குப்பிலாம் கழுவற வேல."

"நாள் பூராவும் கழுவறியா? கழுவிக்கினே இருந்து கை இப்பிடியா? இன்னா சோப்பு போடற?"

"நானே வீட்ல செய்யற சோப்புகா."

அவள் பெயர் சுகாசினி. மறு ஞாயிற்றுக்கிழமையே மங்கை ஏனாத்தூர் பஸ்ஸில் இருந்தாள். சுகாசினியின் தெருவுக்கு மங்கையின் வீட்டிலிருந்து அவள் மாமியார் காலத்தில் ஒருத்தரும் போனதில்லை. மங்கை போனாள், கட்டிலில் உட்கார்ந்தாள், டீ குடித்தாள், நன்றாக இருக்கிறது என்று இரண்டாவது டம்ளரும் கேட்டாள்.

சுகாசினி சோப்பு காய்ச்சுவதில்லை, சேர்க்கிறாள். அடுப்பே வேண்டாம் என்றதும் மங்கைக்கு ஆச்சரியம். ரப்பர் கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி, எவர்சில்வர் பாத்திரம், ஒரு டப்பா காஸ்டிக் சோடா.

"அலுமினியம் மட்டும் ஆகவே ஆகாதுகா, காஸ்டிக் அத தின்னுடும். அப்பறம், தண்ணியில காஸ்டிக்கப் போடணும். காஸ்டிக்ல தண்ணிய ஊத்திடாதீங்க, பொங்கி மூஞ்சில அடிக்கும். ஜன்னலத் தொறந்து வச்சிக்கினு செய்யணும்."

போட்டதும் தண்ணீர் தானாகக் கொதித்தது. அது ஆறும் வரை காத்திருந்து எண்ணெயில் ஊற்றிக் கலக்கினாள். கலக்கக் கலக்க, எண்ணெய் தயிராகி, தயிர் இட்லி மாவாகி, மேலே கரண்டியால் கோடு போட்டால் கோடு அப்படியே நின்றது. "அவ்ளோதான். ஊத்தி வச்சிட்டு நாளைக்கி வெட்டிக்கலாம். ஆனா நாலு வாரம் காத்தாட வச்சப்பறம்தான் தொடணும்" என்று சொல்லி, ஒரு சீட்டில் கணக்கு எழுதிக் கொடுத்தாள். தேங்காயெண்ணெய் நூற்றைம்பது கிராம், நல்லெண்ணெய் முந்நூறு, விளக்கெண்ணெய் ஐம்பது. காஸ்டிக் எழுபது.

நாலு வாரம் என்றதும் மங்கை மனசில் தறிக் கணக்குதான் ஓடியது. ஒரு புடவைக்கு இரண்டு வாரம், சில சமயம் மூன்று. இரண்டாம் புடவை அறுக்கும்போது சோப்பு பழுக்கும். மூன்றாம் புடவை முடிவதற்குள் கை தேற வேண்டும். தேறினால் பாவு தனக்கு.

இங்கேதான் மங்கை தன் பிறந்த வீட்டுப் புத்தியைக் காட்டினாள். அவள் சாயப்பட்டறையில் வளர்ந்தவள். அப்பா போனபின் இப்போது தம்பி கதிர்வேல் அதை நடத்துகிறான். வேகவைக்காத பச்சைப் பட்டு நூல் விறைப்பாக, மங்கலாக, மேலே ஒரு பசையோடு வரும். அதைச் சவுக்காரமும் சோடாவும் போட்டு வேகவைத்துப் பசையை எடுத்தால்தான் பட்டு பட்டாகும். அப்பா சோடா போடும்போது அளந்து போட்டுவிட்டுக் கடைசியில் "இது பளபளப்புக்கு" என்று இன்னும் கொஞ்சம் அள்ளிப் போடுவார். சவுக்காரம் என்றால் காரமாக இருக்க வேண்டும், காரம் கூடக் கூட வேலை சுத்தம் என்பது அந்த வீட்டு வேதம்.

வீட்டில் சோப்பு செய்ய உட்கார்ந்த மங்கை சீட்டைப் பார்த்தாள். எழுபது கிராம். அரைக் கிலோ எண்ணெய்க்கு எழுபதா? லேப்பில் வேலை செய்கிற பெண், பயந்து பயந்து எழுதியிருக்கிறது, பாவம். எழுபது போட்டாள். அப்புறம் "இது பளபளப்புக்கு" என்று ஒரு கரண்டி போட்டாள்.

சோப்பு என்னவோ அருமையாக வந்தது. பால் வெள்ளை, கட்டையாட்டம் கெட்டி. வெட்டி ஜன்னலோரம் அடுக்கி வைத்துவிட்டு, தெருவில் போவோர் வருவோரையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினாள். இரண்டாம் புடவை அறுத்த அன்று குளித்துவிட்டு வந்து, சாமி கும்பிட்டு, முதல் கட்டியை எடுத்துக் கை கழுவினாள். சுருக்கென்றது. மருந்து என்றால் சுருக்கென்றுதான் இருக்கும் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். மூன்றாம் நாள் உள்ளங்கைத் தோல் உரிந்து, விரலை மடக்க முடியவில்லை.

பாவு வந்தது. துளசி வந்தாள். தெருவும் வந்து விசாரித்தது. "உன் சோப்ப எனக்கு ஒண்ணு குடுக்கறேன்னியேகா?" என்று துளசி கேட்டது நிஜமாகவே ஆசைப்பட்டுத்தான். ஆனால் மங்கைக்கு அது வேறு மாதிரிதான் காதில் விழுந்தது. அன்று பரமசிவம் முதல் தடவையாக அதைச் சொன்னார்.

"ரெண்டு பாவு துளசி பண்ணிட்டா. இதோட அவகிட்டயே நெரந்தரமா சொல்லிடலாம்னு பாக்கறேன். நீ ஏன் ஒடம்பக் கெடுத்துக்கற?"

"இந்தப் பாவு முடியட்டும்" என்றாள் மங்கை. "அது வரைக்கும் ஒண்ணும் சொல்லாதீங்க."

சொல்லிவிட்டாளே தவிர, வழி தெரியவில்லை. அந்தச் சோப்புக் கட்டிகளைப் பார்க்கவே பிடிக்காமல் ஒரு பையில் போட்டுத் தம்பியின் பட்டறையில் கொண்டு போய்க் கொட்டினாள். கதிர்வேல் எதையும் வீணாக்காதவன். அன்றைக்கே ஒரு கட்டியைச் சீவிப் போட்டுப் பச்சைப் பட்டில் ஒரு சிட்டம் நூலை வேகவைத்துப் பார்த்தான். சாயங்காலம் வீட்டுக்கே ஓடி வந்தான், கையில் அந்தச் சிட்டத்தோடு.

"அக்கா, எங்கக்கா கத்துக்கின இத? பசை மொத்தமா வுட்டுப் போச்சி. பாரேன், கண்ணு கூசுது!"

மங்கை சிட்டத்தை வாங்கிப் பார்த்தாள். வெள்ளி போல மின்னியது. பிறகு தன் உள்ளங்கையைப் பார்த்தாள். ரொம்ப நேரம் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பட்டுக்குச் செய்ததையேதான் அந்தச் சோப்பு அவள் கைக்கும் செய்திருக்கிறது. பசையை எடுத்திருக்கிறது, மிச்சம் மீதி வைக்காமல்.

"கதிரு, பட்டுக்குப் பசை போனாத்தான் பளபளப்பு" என்றாள். "கைக்கு?"

"கைக்கு இன்னா?"

"கைக்குப் பசை நிக்கணும்டா. நான் என் கைய வேகவச்சிக்கினு இருந்திருக்கறேன்."

சுகாசினிக்குப் போன் போட்டு, கரண்டி விஷயத்தை ஒப்புக்கொண்டாள்.

"அக்கா, எழுபதுன்னா எழுபதுகா! அந்த எண்ணெய்க்கு எழுபத்தி நாலு தாங்கும். நானே வேணும்னுதான் நாலு கொறச்சி எழுதனேன். கொஞ்சம் எண்ணெய் சோப்பா மாறாம அப்பிடியே நிக்கணும். அதுதான் கையக் காப்பாத்தும்."

"இத ஏன்மா அன்னிக்கே சொல்லல?"

"நீங்க கரண்டிய எடுப்பீங்கன்னு எனக்கு எப்பிடிகா தெரியும்?"

மங்கை வாய்விட்டுச் சிரித்தாள். மூன்று மாதத்தில் அவள் சிரித்த முதல் சிரிப்பு அது.

இரண்டாம் முறை அவள் சமையல்கட்டுப் பக்கமே போகவில்லை. பீரோவைத் திறந்து, ஜரிகை நிறுக்கிற தராசை வெளியே எடுத்தாள். ஜரிகை நிறுக்கும்போது மூச்சு பட்டு முள் நகருமோ என்று மூச்சைப் பிடித்துக்கொள்கிற மனுஷி, முதல் தடவை காஸ்டிக்கைக் கரண்டியால் அள்ளிப் போட்டிருக்கிறாள் பாருங்கள். இந்தத் தடவை கையுறை போட்டு, டப்பாவைத் தராசில் வைத்து, மூச்சைப் பிடித்து, துளித் துளியாகத் தட்டினாள். எழுபத்தொன்று காட்டியது. ஒரு கிராமைத் திரும்ப எடுத்தாள். எழுபது.

பின்கட்டுத் திறந்தவெளியில் தண்ணீரில் காஸ்டிக்கைப் போட்டு, ஆறவைத்து, எண்ணெயில் ஊற்றிக் கலக்கினாள். சுகாசினியிடம் மின்சாரக் கலக்கி இருந்தது, இவளிடம் மரக்கரண்டிதான். முக்கால் மணி நேரம் கை ஓயாமல் கலக்கியபின் கோடு நின்றது. ஊற்றுவதற்கு அச்சு தேடியபோது புடவை வைக்கிற அட்டைப் பெட்டி கண்ணில் பட்டது. உள்ளே பிளாஸ்டிக் உறையை விரித்து ஊற்றினாள். இந்த முறை அது கெட்டியாக மூன்று நாள் பிடித்தது. வெட்டக் கத்தி எடுத்தால் ஓரம் உதிர்ந்தது. முறுக்கின பட்டு நூல் ஒன்றை இரண்டு கையிலும் சுற்றிப் பிடித்து அழுத்தினாள். வெண்ணெயில் இறங்குவது போல இறங்கியது. ஒவ்வொரு துண்டும் ஒரே அளவு. சந்தன நிறத்தில், எண்ணெய் மினுமினுப்போடு. முதலில் செய்ததைப் போல வெள்ளை வெளேரென்று இல்லை. தெருவில் ஒருத்தரையும் கூப்பிட்டுக் காட்டவும் இல்லை.

இன்னொரு காரியமும் செய்தாள். பாத்திரம் தேய்க்கிற மலிவு சோப்பை எடுத்துப் பரமசிவத்தின் கையில் வைத்தாள்.

"இந்தப் பாவு முடியற வரைக்கும் பாத்திரம் உங்களுது."

பரமசிவம் சோப்பைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். அவள் உரிந்த கையைப் பார்த்தபின் பின்கட்டுக்குப் போனார். அந்த மட்டில் நல்ல மனுஷன்தான். தினமும் இரண்டு வேளை, தோசைக்கல் உட்பட, பளிச்சென்று தேய்த்தார். எதிர்வீட்டுக்காரர்கள் சிரித்தபோது, "தறியில குந்திக் குந்தி இடுப்பு புடிச்சிக்குது, இது எக்சர்சைஸ்" என்று சமாளித்தார்.

இரண்டாம் புடவை அறுத்த அன்று மங்கை சோப்பை எடுத்தாள். இந்தத் தடவை சாமி கும்பிடவில்லை. போன தடவை கும்பிட்டதற்கு என்ன கிடைத்தது என்று கோபம். முதலில் நாக்கு நுனியில் தொட்டுப் பார்த்தாள். சுகாசினி சொல்லிக் கொடுத்தது, காரம் மிஞ்சியிருந்தால் நாக்கில் மின்சாரம் அடித்த மாதிரி இருக்குமாம். ஒன்றும் அடிக்கவில்லை, சப்பென்று சோப்பு ருசிதான். கை கழுவினாள். நுரை குறைவாக வந்தது. துடைத்தாள். தோல் இழுக்கவில்லை. அப்படியே நின்று விரலை மடக்கி மடக்கிப் பார்த்தாள்.

ராத்திரி படுக்கும்போது களிம்பு, காலையில் எழுந்ததும் தன் சோப்பு. பாத்திரச் சோப்பின் வாடையே கிடையாது. இதில் எது எத்தனை பங்கு வேலை செய்தது என்று கேட்டால் டாக்டர் ஒன்று சொல்லுவார், மங்கை ஒன்று சொல்லுவாள். வெடிப்பு மூடியது. மடிப்பில் இருந்த கோடுகள் மறைந்தன. மூன்றாம் புடவையில் முந்தானை ஓடிக்கொண்டிருந்தபோது, உள்ளங்கை உரசுகிறதா என்று அவள் தன் கன்னத்தைத் தானே தடவிப் பார்த்துக்கொண்டாள். ஆனால் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. ஒரு தடவை ஊரைக் கூட்டிப் பட்டது போதும்.

புதுப் பாவு வந்தது. மயில்கழுத்து நிறம். காலை ஏழு மணிக்கே துளசி சாம்பல் கிண்ணத்தோடு வந்து தறியின் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். பரமசிவம் பாவை விரித்துக் கட்டிக்கொண்டிருந்தார். மங்கை பின்கட்டில் கை கழுவி, துடைத்து, வந்து நின்றாள்.

"துளசி, கொஞ்சம் எந்திரிமா."

துளசி பரமசிவத்தைப் பார்த்தாள். பரமசிவம் தலையைச் சொறிந்தார். "மங்கா, மயில்கழுத்து. அறுந்தா ஒட்டு தெரியும்."

"இழையப் போட்டுப் பாருங்க. சிக்குனா நானே துளசிக்குக் காபி போட்டுக் குடுத்துட்டுப் போயி உக்காந்துக்கறேன். சாகற வரைக்கும் கேக்க மாட்டேன்."

பரமசிவம் சாயம் போடாத இழை ஒன்றைக் கொண்டு வந்தார். அவள் வலது கையை நீட்டினாள். அவர் இழையைக் குறுக்கே போட்டு இழுத்தார். போனது. நம்பாமல் இன்னும் மெதுவாக இழுத்தார். போனது. இடது கை. போனது. விரல் நுனி, கட்டைவிரல் மேடு, பழைய வெடிப்பு இருந்த மடிப்பு என்று ஒவ்வோர் இடமாகத் தேடித் தேடிப் போட்டார். எந்த இடத்திலும் நிற்காமல் இழை நழுவித் தரையில் விழுந்தது.

"ஐயையோ, தண்ணி மாதிரி போவுதே!" என்றாள் துளசி. அவளுக்கு நம்ப முடியவில்லை. "இழையில எதுனா தடவிக்கினு வந்தீங்களாண்ணா? எங்க, உங்க கையில போடுங்க பாக்கலாம்."

பரமசிவம் சிரித்துக்கொண்டே இழையை எடுத்துத் தன் உள்ளங்கையில் போட்டு இழுத்தார்.

இழை கட்டைவிரலுக்குக் கீழே சிக்கி நின்றது.

கொஞ்சம் பலமாக இழுத்தார். அறுந்தது.

ஒன்றரை மாதத்துக்கு மேல் தேய்த்த பாத்திரம் சும்மா விடுமா? இரண்டு நாளாகவே குறுக்கிழை ஓட்டுகிற ஓடத்தை வீசும்போது கையில் ஏதோ உரசுகிறது என்று அவருக்குத் தெரியும். வெளியே சொல்லவில்லை, அவ்வளவுதான். துளசி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். பரமசிவம் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, ஒன்றும் நடக்காதது போலப் பாவைச் சரி செய்யக் கையை நீட்டினார்.

மங்கை அவர் மணிக்கட்டை இரண்டே விரலால் பிடித்து, பாவின் மேலிருந்து எடுத்து அப்புறம் வைத்தாள். குரலை உயர்த்தவே இல்லை.

"நீங்க எந்திரிங்க. பாவத் தொடாதீங்க. ஜன்னல்ல சோப்பு இருக்குது, போயி கை கழுவிக்கினு வாங்க."

அவர் எழுந்து போனார். பின்கட்டில் குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. துளசியும் ஒரு கட்டி வாங்கிப் புடவை முடிச்சில் வைத்துக்கொண்டு அடுத்த தெருவில் காத்திருந்த பாவுக்குக் கிளம்பினாள். மங்கை சாம்பலைத் தொட்டு முதல் இழையை உருட்டினாள். அன்று விளக்கேற்றும் நேரத்தில் கடைசி இழையை ஒட்டிவிட்டு நிமிர்ந்தபோது, நாலாயிரத்துச் சொச்சத்தில் ஒன்றுகூட அறுந்திருக்கவில்லை. காபியைப் பரமசிவம் போட்டுக்கொண்டு வந்தார்.